மேட்ரிக் ஆங்கிலம் முதல் தாள்: தமிழில் யோசிக்கும் பிள்ளைகள் மொழிப் பகுதியைப் பழகுவது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குப் புதிதாக வந்து சேரும் தமிழ்க் குடும்பங்களில் பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கிற பிள்ளை இருந்தால், எப்படியும் ஒருநாள் இந்தக் கேள்வி வந்துவிடும்: "பையன் நன்றாகத்தான் இங்கிலீஷ் பேசுகிறான், மார்க் மட்டும் ஏன் ஏறமாட்டேன் என்கிறது?" என் அக்கா மகனும் அதே ரகம்தான். திருநெல்வேலியில் இங்கிலீஷ் மீடியத்தில் படித்துவிட்டு இங்கே கிரேட் டென்னில் சேர்ந்தான். பள்ளியில் ஆங்கிலம் ஹோம் லேங்வேஜ், அதாவது முதல் மொழி நிலைப் பாடம். அவனோடு உட்கார்ந்து மேட்ரிக் வரை, அதாவது இங்கத்திய பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு வரை, ஓட்டியதில் எங்களுக்குப் பிடிபட்ட வழியை இங்கே எழுதிவைக்கிறேன்.

டர்பனிலேயே சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது அவ்வளவாகத் தேவைப்படாது. 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் வழிவந்த பிள்ளைகள் அவர்கள். வீட்டில் தலைமுறை தலைமுறையாக ஆங்கிலம்தான். தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுகிற பிள்ளைகளை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

ஹோம் லேங்வேஜுக்கு மூன்று தாள்கள். இரண்டாவது இலக்கியம், மூன்றாவது கட்டுரை. அவை வேறு கதை. நாம் பார்க்கப் போவது முதல் தாள்: 2 மணி நேரம், 70 மதிப்பெண். வாசித்துப் பதில் எழுத 30, சுருக்கி எழுத 10, மொழிப் பகுதிக்கு 30. அந்தக் கடைசி 30-இல் விளம்பரம் 10, கார்ட்டூன் 10, பிழைதிருத்தம் 10. வாய்ஸ், ரிப்போர்ட்டட் ஸ்பீச், டென்ஸ் எல்லாம் ஊரில் படித்ததே போதும். அவற்றை இங்கே விளக்கப் போவதில்லை.

முதல் வேலை: பழைய வினாத்தாள்

அடிப்படைக் கல்வித் துறையின் இணையதளத்தில் பழைய தாள்கள் மெமோவோடு (திருத்துபவர்களுக்கான விடைக்குறிப்பு) இலவசமாகவே கிடக்கின்றன. நவம்பர் தாள்களை எடுங்கள், அப்புறம் மே-ஜூன் தாள்கள். தனியார் பள்ளி என்றால் ஐ.இ.பி. என்ற தனி வாரியத்தின் தேர்வா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தாள்களின் அமைப்பே வேறு.

எடுத்ததைக் கட்டாயம் அச்சடித்துக்கொள்ளுங்கள். திரையில் பார்த்தால் பிள்ளை பதிலைப் படித்துவிட்டு "ஆமாம், தெரியும்" என்று தள்ளிக்கொண்டே போவான். காகிதத்தில் பென்சிலால் எழுதினால்தான் எது தெரியவில்லை என்பது தெரியும். கிராமர்லி மாதிரியான செயலிகளைப் பயிற்சி நேரத்தில் அணைத்துவிடுங்கள். பிழையை நாம் தேடுவதற்கு முன்பே அது சிவப்புக் கோடு போட்டுக் காட்டிவிடும். தேடுவதுதானே பரீட்சை!

அடுத்து: மெமோவின் முதல் பக்கம்

பெரும்பாலானோர் மெமோவில் நேராகப் பதிலுக்குப் போய்விடுவார்கள். திருத்துபவர்களுக்கான குறிப்புகளை முதலில் படியுங்கள். வாசிப்புப் பகுதியில் எழுத்துப்பிழை பொருளை மாற்றாதவரை மதிப்பெண் குறையாது. இரண்டு காரணம் கேட்ட இடத்தில் ஐந்து எழுதினால் முதல் இரண்டைத்தான் பார்ப்பார்கள். "ஒப்புக்கொள்கிறீர்களா?" என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்பதற்கு மட்டும் மதிப்பெண் கிடையாது, காரணத்துக்குத்தான். ஊர்ப் பழக்கத்தில் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளும் பிள்ளைக்கு இது ஒன்றே பாதி வைத்தியம்.

பிழையின் பெயர்

இங்கே பிழைதிருத்தக் கேள்வி வருகிற விதம் வேறு. ஒரு சிறு பத்தியைத் தருவார்கள், வரிக்கு எண் போட்டிருக்கும். மூன்றாம் வரியில் உள்ள கான்கார்ட் பிழையைத் திருத்து, ஏழாம் வரியில் உள்ள டாட்டாலஜியை நீக்கு என்று கேட்பார்கள். பெயர் தெரியாவிட்டால் இலக்கணம் தெரிந்தும் பயனில்லை. ஆகவே ஒரு பட்டியல் போட்டுச் சுவரில் ஒட்டினோம்: கான்கார்ட், டேங்ளிங் மாடிஃபையர், கமா ஸ்ப்ளைஸ், டாட்டாலஜி, மாலப்ராபிசம் (ஒலி ஒத்த வேறு சொல்லைத் தவறாகப் போடுவது), ஸ்ப்ளிட் இன்ஃபினிடிவ் ('டு'வுக்கும் வினைக்கும் நடுவே வேறு சொல் நுழைவது).

இவற்றில் டாட்டாலஜி நமக்குச் சுலபம். 'நடு சென்டர்' என்று சொல்கிறோமே, அதேதான். 'ரிட்டர்ன் பேக்' என்று எழுதினால் பேக்கை வெட்டவேண்டும். கமா ஸ்ப்ளைஸில் கொஞ்சம் கவனம் வேண்டும். "மழை பெய்தது, நாங்கள் வெளியே போகவில்லை" என்று தமிழில் கமா போட்டு எழுதினால் யாரும் கண்டுகொள்வதில்லை. ஆங்கிலத்தில் அந்த இடத்தில் முற்றுப்புள்ளியோ, அரைப்புள்ளியோ, ஓர் இணைப்புச் சொல்லோ வரவேண்டும்.

கான்கார்ட் என்றால் எழுவாயும் வினையும் ஒத்துப்போவது. அவன் வந்தான், அவள் வந்தாள் என்று நாமும் செய்வதுதான். பிறகு ஏன் தடுமாறுகிறோம்? "மாம்பழப் பெட்டி இருக்கிறது" என்கிறபோது முக்கியமான சொல்லான பெட்டி வினைக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. ஆங்கிலத்தில் 'த பாக்ஸ் ஆஃப் மேங்கோஸ்' என்று பெட்டி முன்னால் போய்விடும், வினைக்குப் பக்கத்தில் மாம்பழங்கள் வந்து நிற்கும். பிள்ளை அதைப் பார்த்து 'ஆர்' போட்டுவிடுவான். 'இஸ்' என்பதுதான் சரி. 'ஆஃப்' வந்தால் அதற்கு முன்னால் இருப்பதைப் பார் என்று சொல்லிக்கொடுத்தேன்.

எங்களைப் படுத்தி எடுத்தது டேங்ளிங் மாடிஃபையர்

இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: 'வாக்கிங் டு த ஷாப், த ரெயின் ஸ்டார்ட்டட்.' இதைத் தப்பு என்றதும் அக்கா மகன் சண்டைக்கே வந்துவிட்டான்.

"மழைதானே சித்தி வந்தது? இதில் என்ன தப்பு?"

"கடைக்கு நடந்தது யாரடா?"

"நான்."

"இந்த வாக்கியத்தில் நீ எங்கே இருக்கிறாய்?"

தேடிப் பார்த்தான். இல்லை. "ஆனால் கடைக்குப் போகும்போது மழை வந்தது என்று சொல்கிறோமே, அதிலும் நான் இல்லையே" என்றான். நியாயமான கேள்வி. 'போகும்போது', 'முடித்ததும்' என்று வருகிற இடங்களில் யார் போனது, யார் முடித்தது என்று தமிழ் கேட்பதில்லை. கேட்பவர் புரிந்துகொள்வார். அதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால், மழை கடைக்கு நடந்துபோனது என்று பொருளாகிவிடும்.

விதியை எத்தனை விதமாகச் சொல்லியும் அவனுக்கு ஏறவில்லை. கடைசியில் தமிழை வைத்தே ஏறியது. 'போகும்போது' என்பதை எடுத்துவிட்டு 'போய்' என்று போட்டுச் சொல்லிப் பார்க்கச் சொன்னேன். "கடைக்கு நடந்துபோய் மழை வந்தது." காதுக்கே இடிக்கிறது அல்லவா? "கடைக்கு நடந்துபோய் நனைந்தேன்" என்றால் இடிக்காது, ஏனென்றால் நடந்ததும் நனைந்ததும் ஒரே ஆள். ஆங்கிலத்தில் 'வாக்கிங்' என்று தொடங்கும் துண்டை நம் 'போய்', 'வந்து', 'முடித்து' போல நினைத்துக்கொள்ளவேண்டும். இரண்டு வேலையையும் செய்தவர் ஒருவராக இருக்கவேண்டும்.

பரீட்சையில் செய்யவேண்டியது இதுதான். கமாவுக்கு அடுத்து வரும் பெயர்ச்சொல்லின் மேல் விரலை வையுங்கள். முதல் பாதியில் உள்ள வேலையை இதுதான் செய்ததா என்று கேளுங்கள். 'ஹேவிங் ஃபினிஷ்ட் த எக்ஸாம், த பென் வாஸ் புட் அவே.' விரல் பேனாவின் மேல். பேனாவா பரீட்சை எழுதி முடித்தது? இல்லை. திருத்த இரண்டு வழி: முதல் பாதியில் ஆளைச் சேர்க்கலாம், 'ஆஃப்டர் ஐ ஃபினிஷ்ட்' என்று, இல்லாவிட்டால் கமாவுக்குப் பிறகு ஆளைக் கொண்டுவரலாம், 'ஐ புட் த பென் அவே' என்று. முதல் வழியே பாதுகாப்பானது. கமாவுக்குப் பிறகு உள்ளதைத் தொடவேண்டியதில்லை, புதுப் பிழை நுழைய இடமில்லை.

சொற்கள், மரபுத்தொடர்கள்

ஆயிரம் இடியம்ஸ் என்று விற்கும் புத்தகங்களுக்குக் காசு கொடுக்காதீர்கள். இந்தத் தாளில் மரபுத்தொடர் பெரும்பாலும் விளம்பரத் தலைப்பிலோ கார்ட்டூன் பேச்சிலோ ஒளிந்துகொண்டுதான் வரும். உதாரணத்துக்கு, 'டோன்ட் பைட் ஆஃப் மோர் தன் யூ கேன் ச்யூ' என்பது நம்முடைய 'அகலக் கால் வைக்காதே'. ஒரு பர்கர் கடை 'கோ ஆன், பைட் ஆஃப் மோர்' என்று தலைப்பு போடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தலைப்பு எப்படி வேலை செய்கிறது என்பதுதான் கேள்வியாக இருக்கும். தொடரின் வழக்கமான பொருள், இங்கே பர்கரைக் கடிப்பது என்ற நேர்ப்பொருள், எச்சரிக்கை அழைப்பாக மாறி வாங்குபவரை இழுப்பது: இந்த மூன்றும் பதிலில் இருக்கவேண்டும். பொருளை மட்டும் எழுதிவிட்டு வந்தால் முழு மதிப்பெண் கிடைக்காது.

ஆகவே பயிற்சிக்குச் சூப்பர்மார்க்கெட் துண்டுப் பிரசுரங்களும் ஞாயிறு செய்தித்தாளும் போதும். தினம் ஒரு விளம்பரம். எதை விற்கிறார்கள், யாருக்கு, எந்தச் சொல் ஆளை இழுக்கிறது என்று வாயால் சொன்னால் போதும், எழுதக்கூட வேண்டாம். புதிய தொடர்களை ஆங்கி என்ற நினைவட்டைச் செயலியில் போட்டுவைத்தோம். ஆண்ட்ராய்டில் இலவசம், ஐபோனில் காசு. அட்டையில் தனிச் சொல்லைப் போடாதீர்கள், அது வந்த முழு வாக்கியத்தைப் போடுங்கள்.

இங்கத்திய பேச்சில் டிராஃபிக் சிக்னல் 'ரோபாட்'. 'ஜஸ்ட் நவ்' என்றால் அப்புறம் பார்க்கலாம் என்று பொருள். கார்ட்டூனில் இப்படிப்பட்டவை வந்தால் புரிந்திருக்கவேண்டும், சுருக்கத்தில் அவற்றை எழுதக்கூடாது.

சுருக்கி எழுதுதல்

ஏழு கருத்து, ஒரே பத்தி, 80 முதல் 90 சொல். கருத்துக்கு 7, மொழிக்கு 3. பத்தியிலிருந்து வரிகளை அப்படியே தூக்கி வைத்தால் மொழி மதிப்பெண் அடிபடும். 90-ஐத் தாண்டினால் ஐந்து சொல் வரை படிப்பார்கள், மீதி வீண். எத்தனை சொல் என்று கடைசியில் எழுத மறக்கவேண்டாம். வேறு சூட்சுமம் ஒன்றும் இல்லை.

நேரம்: தாளிலேயே போட்டிருப்பார்கள். வாசிப்புக்கு 50 நிமிடம், சுருக்கத்துக்கு 30, மொழிக்கு 40.

பிற்சேர்க்கை: இதைப் படித்த ஒரு தமிழாசிரியர், "'மழை பெய்து குளம் நிறைந்தது' என்று சொல்கிறோமே, பெய்தது மழை, நிறைந்தது குளம். உங்கள் 'போய்' சோதனை இங்கே உதைக்கிறதே" என்று கேட்டார். உதைக்கத்தான் செய்கிறது. ஒன்று காரணம், மற்றது அதன் விளைவு என்று இருக்கும் இடத்தில் தமிழ் விட்டுக்கொடுக்கும். ஆங்கிலம் அங்கேயும் விடாது. 'ரெய்னிங் ஹெவிலி, த டேங்க் ஃபில்ட் அப்' என்பது பிழையேதான். சந்தேகம் வந்தால் விரல் சோதனையை நம்புங்கள்.

இன்னொன்று: ஆங்கிலத்தை ஃபர்ஸ்ட் அடிஷனல் லேங்வேஜாக, அதாவது இரண்டாம் மொழி நிலையில், எழுதுபவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடாது. அவர்களுக்கு முதல் தாள் 80 மதிப்பெண், மொழிப் பகுதி மட்டும் 40. அதில் பிழைதிருத்தமும் இலக்கணமும் சேர்ந்து 20. சுருக்கத்தைப் பத்தியாக எழுதவேண்டாம்: ஏழு முழு வாக்கியங்கள், 1 முதல் 7 வரை எண் போட்டு, வாக்கியத்துக்கு ஒரே கருத்து, மொத்தம் 70 சொல்லுக்குள்.