மாருதி ஜிப்ஸி முன்னாடி ஷேக்கில் புஷ் நாமளே மாத்துறது எப்படி

ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்குறப்போ முன்னாடி டக்கு டக்குன்னு சத்தம், நேர் ரோட்லயும் ஸ்டியரிங்க திருத்திக்கிட்டே ஓட்ட வேண்டியிருக்கு, இந்த ரெண்டும் இருந்தா அவசரப்பட்டு ஷாக் அப்சார்பர் வாங்கிடாதீங்க, மொதல்ல வண்டிக்கு கீழ படுத்து ஷேக்கில் புஷ்ஷ (ஷேக்கில் பின்ன சுத்தி இருக்குற ரப்பர் வளையம்) பாருங்க. 1985ல வந்ததுலேர்ந்தே ஜிப்ஸிக்கு நாலு வீலுக்கும் பட்டை ஸ்பிரிங்தான். பட்டை அமுங்குனா நீளும், அதுக்கு எடம் குடுத்து ஆடுற இரும்பு இணைப்புதான் ஷேக்கில், முன் பட்டைக்கு அது பம்பர் பக்கம் இருக்கும். கடப்பாரைய லேசா குடுத்து நெம்புனா ஷேக்கில் பக்கவாட்டுல லொடலொடன்னு ஆடுதா, ரப்பர் வெடிச்சு வெளிய பிதுங்கி நிக்குதா, அப்போ புஷ் போச்சு. ஸ்டியரிங் உதறுதுன்னா மட்டும் கிங்பின் பேரிங் (முன் வீல் திரும்புற அச்சுல இருக்குறது), டை ராட் எண்டையும் (வீல திருப்புற கம்பியோட முனை) பாத்துடுங்க.

ஒரு ஷேக்கில்ல மேல ரெண்டு, கீழ ரெண்டுன்னு நாலு புஷ், ரெண்டு பக்கத்துக்கும் எட்டு. ஒரு பக்கம் மட்டும் மாத்தாதீங்க.

மொத நாள் ராத்திரியே ஷேக்கில் நட்டுல துரு இளக்குற ஆயில் அடிச்சு ஊறவிடுங்க. காலைல வண்டி தரையில நிக்கும்போதே நட்ட அரை சுத்து மட்டும் இளக்கிட்டு, பின் வீலுக்கு கல்லு குடுத்து, சேஸிஸ்ல ஜாக்கி வச்சு தூக்கி கட்டாயம் ஸ்டாண்ட் போடுங்க, வெறும் ஜாக்கிய நம்பி கீழ போகாதீங்க. இன்னொரு ஜாக்கி ஆக்ஸிலுக்கு கீழ. இதுதான் விஷயமே, அந்த ஜாக்கிய கொஞ்சம் ஏத்தி கொஞ்சம் எறக்கி பாத்தா ஒரு எடத்துல ஷேக்கில் பின் (புஷ்ஷுக்குள்ள போற இரும்புக் கம்பி) மேல இருக்குற லோடு போயி கையாலேயே நழுவி வரும், அது வராம சுத்தியல்ல அடிச்சா மரையதான் கெடுப்பீங்க. ஆக்ஸில எறக்குறப்போ பிரேக் ஹோஸ் இழுபடாம பாத்துக்கங்க.

நான் கழட்டுன பழைய புஷ்ல ஓட்டை வட்டமா இல்ல, முட்டை மாதிரி ஒரு பக்கமா தேஞ்சு போயிருந்துச்சு. ஒட்டிக்கிட்டு வரலைன்னா ஸ்க்ரூ டிரைவரால நெம்புங்க, நெருப்பு வச்சு எரிக்காதீங்க, நாத்தமும் புகையும் தாங்காது. உள்ள இருக்குற துருவ எமரி பேப்பர் போட்டு தேச்சுட்டு, புது புஷ்ஷ சோப்பு தண்ணில நனைச்சு உள்ள அமுக்குங்க. கிரீஸ் வேணவே வேணாம், ரப்பர் ஊதிப் போயிடும்.

இனிமேதான் முக்கியம். நட்ட கையால மட்டும் பிடிக்க வச்சு, வண்டிய தரைக்கு எறக்கி, முன்னாடி பம்பர ரெண்டு மூணு தடவ அமுக்கி ஆட்டிட்டு அப்புறமா ஃபுல் டைட் பண்ணுங்க. நான் மொத தடவ வீல் அந்தரத்துல தொங்கும்போதே டைட் வச்சுட்டேன், எறக்குனதும் ரப்பர் முறுக்கிக்கிச்சு, ஆறு மாசம்கூட தாங்கல, கிழிஞ்சு போச்சு, திரும்ப அதே வேல. ஒரு வாரம் ஓட்டிட்டு இந்த நட்டையும், ஸ்பேனர் கையில இருக்கும்போதே பட்டைய ஆக்ஸிலோட சேத்து பிடிக்கிற யூ போல்ட் நட்டையும் ஒரு தடவ பாத்துடுங்க.