பட்டா சரி, தண்ணீர் எந்தப் பக்கம் போகும்?

மனை பார்க்கப் பெரும்பாலும் கோடையில்தான் போகிறோம். பிள்ளைகளுக்கு லீவு, புரோக்கர் அனுப்பும் இலவச வேன், மதியச் சாப்பாடு. தரை காய்ந்து கிடக்கும், வெள்ளையடித்த கற்கள் வரிசையாக நிற்கும். அந்த வெயிலில் எல்லா நிலமும் நல்ல நிலம்தான். அட்வான்ஸ் கொடுக்கும் முன் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஒருமுறை போய்விடுங்கள். மழை கொட்டுகிற அன்று எங்கேயும் தண்ணீர் நிற்கும், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். விட்டபின் மூன்றாம் நாளும் நிற்கிறதா என்று பாருங்கள்.

இதைவிடப் பெரிய தவறு பத்திரத்தோடு நின்றுவிடுவது. முப்பது வருடத்துக்கு வில்லங்கம் போட்டு, தாய்ப்பத்திரம், பட்டா, டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல் எல்லாம் பார்த்து வக்கீல் 'கிளியர்' என்று சொன்னதும் நிம்மதியாகிவிடுகிறோம். இவையெல்லாம் நிலம் யாருடையது, மனையாகப் பிரிக்க அனுமதி உண்டா என்று சொல்லுமே தவிர, மூழ்குமா மூழ்காதா என்று சொல்லாது. ஏரிப் பாசனத்தில் இருந்த நஞ்சை நிலம் பெரும்பாலும் பட்டா நிலம்தான், முறைப்படி மனையாக மாற்றவும் வழியிருக்கிறது. ஆனால் அது ஏரியைவிடத் தாழ்வாக இருந்ததால்தானே மதகைத் திறந்ததும் தண்ணீர் பாய்ந்து நெல் விளைந்தது?

தமிழக அரசின் இணையவழி நில ஆவணச் சேவையில் புல எண்ணைக் கொடுத்தால் நிலம் என்ன வகை என்று சொல்லும் அ-பதிவேடும், அதன் எல்லைகளைக் காட்டும் புலப்பட வரைபடமும் கிடைக்கும். உங்கள் எண்ணோடு நிறுத்தாமல் சுற்றியுள்ள எண்களையும் தட்டிப் பாருங்கள். ஓடை, வாய்க்கால், குட்டை என்று வந்தால் அவை இப்போது எங்கே இருக்கின்றன என்று நேரில் தேடுங்கள். ஏரி எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறது என்று எல்லோரும் விசாரிக்கிறார்கள். கலங்கல் எங்கே என்று கேட்பவர்கள் குறைவு. ஏரி நிரம்பினால் உபரி நீர் அது வழியாகத்தான் வெளியேறும். ஏரிக்கு அரை கிலோமீட்டர் தள்ளி, கலங்கலுக்கு நேர் கீழே இருக்கும் மனையைவிட, கரைக்குப் பக்கத்திலேயே மேட்டில் இருக்கும் மனை தேவலை.

களத்தில் கண்ணுக்குத் தெரிகிற அடையாளங்களும் உண்டு. மனைக்குப் போகும் சாலைக்கடியில் ஒரு சின்னப் பாலம் இருக்கும். ஒரு பக்கம் பள்ளம் வந்து சேர்கிறது, எட்டிப் பார்த்தால் மறுபக்கம் யாரோ எழுப்பிய காம்பவுண்டு சுவர். நெடுஞ்சாலைத் துறை சும்மா பாலம் கட்டாது. பழைய வீட்டுச் சுவர்களில் இடுப்பளவுக்கு ஒரே மட்டத்தில் ஓடும் சேற்றுக் கறை, காலி மனைகளில் கோரையும் சம்புப் புல்லும் மண்டியிருப்பது, இதெல்லாம் தண்ணீர் விட்டுப்போன சாட்சிகள். டீக்கடையில் உட்கார்ந்து "2015ல எதுவரைக்கும் வந்துச்சு?" என்று கேளுங்கள். புரோக்கர் இல்லாத நேரத்தில் கேட்பது நல்லது.

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் தாம்பரம் பக்கத்து முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. மணிமங்கலம், ஆதனூர் வட்டாரத்து ஏரிகளின் உபரி நீர் சேர்ந்து அடையாறாக உருவெடுக்கும் பகுதி அது. 2023இல் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை, வேளச்சேரிப் பக்கம் படகு விட்டார்கள். தென்சென்னையின் பல ஏரிகளிலிருந்து வழியும் நீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயைத் தொட்டு, முட்டுக்காடு பக்கம் கடலுக்குப் போக வேண்டும். வரும் வழிகள் பல, வெளியேறும் வழி குறுகல். சதுப்பு நிலத்துக்கு 2022இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது, ஆனாலும் சுற்றிலும் எழுந்துவிட்ட கட்டடங்கள் அப்படியேதான் இருக்கின்றன. உங்கள் மனை சதுப்புக்குள் இல்லாவிட்டாலும், வெளியேற முடியாத தண்ணீர் பின்னோக்கி ஏறி நிற்கும் எல்லைக்குள் இருந்தால் பலன் ஒன்றுதான்.

"கவர்மெண்டே ஏரியில கட்டியிருக்கே" என்பார்கள். உண்மைதான். மாம்பலம் ஏரியை வற்றவைத்து 1920களில் தி.நகர் வந்தது, மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்றும் இருக்கிறது, லேக்தான் இல்லை. மதுரையில் உயர் நீதிமன்றக் கிளையே உலகனேரிக் கண்மாயில்தான் நிற்கிறது. அரசாங்கத்துக்குத் தப்பு செய்ய வசதி இருக்கிறது, நமக்கு வீட்டுக்கடன் இருக்கிறது. அனுமதிக் கடிதத்தை நம்பி வாங்கியவர்களின் கதைக்குக் கொச்சி அருகே மரடுவைப் பாருங்கள். உள்ளாட்சி அனுமதியோடு எழுந்த நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகள், கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளை மீறியதால் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 2020 ஜனவரியில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன.

தாழ்வாக இருந்தால் மண்ணடித்துக்கொள்ளலாம் என்பது அடுத்த நம்பிக்கை. அடிக்கலாம், ஆனால் தண்ணீர் ஒழியாது, பக்கத்து வீட்டுக்குப் போகும். அப்புறம் அவரும் மண்ணடிப்பார். சாலையைச் சுரண்டாமல் மேல் மேலாகப் போட்டால் சில வருடங்களில் உங்கள் வாசல் மறுபடி பள்ளம். நிரப்பியது கட்டட இடிபாடு என்றால் தரை இறங்கி விரிசல் விடும். அஸ்திவாரம் அதையும் தாண்டி இயற்கை மண்ணைத் தொட வேண்டும். கரிசல் பூமியில் வேறு தொல்லை. ஈரத்தில் உப்பி, வெயிலில் சுருங்கும் மண் அது. வாங்குவதற்கு முன்பே மண் பரிசோதனை செய்வது நல்லது. வீட்டுச் செலவோடு பார்த்தால் அது சின்னத் தொகை.

மலையில் கட்டுகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று: சரிவைச் செங்குத்தாக வெட்டித் தட்டையாக்கிய மனையை, வியூ எவ்வளவு அழகாக இருந்தாலும், தொடாதீர்கள்.

'சென்னைக்கு மிக அருகில்' விளம்பரங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் பசுமை வீடு கட்ட ஆசைப்படுகிறவர்களும் அதே வலையில்தான் விழுகிறார்கள். கூரையில் சோலார், மழைநீர் சேகரிப்பு எல்லாம் வைத்துவிட்டு, வேலைக்கும் பள்ளிக்கும் தினமும் நாற்பது கிலோமீட்டர் கார் ஓட்டினால் அதில் என்ன பசுமை? சோலார் இல்லாவிட்டாலும், பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போகக்கூடிய இடத்தில் இருக்கும் சாதாரண வீட்டுக்கே என் ஓட்டு. வேலைநாள் காலை எட்டரைக்கு அங்கிருந்து பஸ்ஸில் ஒருமுறை போய்ப் பாருங்கள். தெருவில் டேங்கர் லாரி வருகிறதா என்றும், பக்கத்து வீட்டு போர் எத்தனை அடி, தண்ணீர் உப்பா என்றும் கேளுங்கள். கடற்கரைப் பக்கம் இந்தக் கடைசிக் கேள்வியை விடவே கூடாது.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? சரி, விற்கவும் மனமில்லை என்றால் தரைத்தளத்தைத் தூண்களோடு திறந்தே விடுங்கள், வண்டி நிறுத்த ஆகும். மீட்டர் பெட்டி, மோட்டார் சுவிட்ச், சம்ப் மூடி இவற்றை 2015 கறைக் கோட்டுக்கு மேலே வையுங்கள். செப்டிக் டேங்க் மூடியை மட்டும் இன்னும் அரை அடி உயர்த்திக் கட்டச் சொல்லுங்கள், ஏனென்று மேஸ்திரிக்கே தெரியும்.