பனி பார்க்க டோக்கியோவில் காத்திருக்க வேண்டாம்

பனிப்பொழிவு பார்க்க ஜப்பான் போகிறோம் என்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, எந்தக் கரைக்கு என்பதுதான். டோக்கியோ என்றால் குளிர்காலத்தில் வெயில்தான் காயலாம். அங்கே பனி விழுவது ஆண்டுக்குச் சில நாள், அதுவும் நிச்சயமில்லை. சைபீரியக் குளிர்காற்று ஜப்பான் கடலின் ஈரத்தை அள்ளிவந்து, நடுவிலுள்ள மலைகளில் மோதி, மேற்குப் பக்கத்திலேயே கொட்டித் தீர்த்துவிடுகிறது. மலையைத் தாண்டும்போது காற்றில் சரக்கு இல்லை.

ஆகவே டோக்கியோவில் ஜோயெட்சு ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலில் ஏறுங்கள். சுமார் 80 நிமிடத்தில் மலைக்கு அப்பால் நீகாத்தா வட்டாரத்திலுள்ள எச்சிகோ யுசாவா ஊர். வழியில் 22 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் வரும். நுழையும்போது பெரும்பாலும் நீலவானம், வெளியே வந்தால் இடுப்புயரப் பனி. ஜன்னல் இருக்கையை விட்டுக்கொடுக்காதீர்கள். ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி இறுதிவரை நம்பிப் போகலாம்.

காலணியில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. நீகாத்தா வட்டார ஊர்களில் சாலை நடுவே பதித்த குழாய்கள் நிலத்தடி நீரைப் பீய்ச்சிப் பனியைக் கரைக்கின்றன. அந்த நீரிலுள்ள இரும்பால் சாலையே துருநிறம் ஏறிக் கிடக்கும். ஓரமெல்லாம் பனிச்சகதி, துணிக் காலணி பத்து நிமிடம் தாங்காது. முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ்தான் சரி.

பொடிப்பனியே வேண்டுமென்றால் வடக்கே ஹொக்கைடோ தீவிலுள்ள சப்போரோ. ஆண்டுக்கு ஏறக்குறைய 5 மீட்டர் பொழியும் பெருநகரம் அது. பிப்ரவரித் தொடக்கத்தில் பனிச்சிற்ப விழா நடக்கும். அறை வாடகை எகிறிவிடும். சிற்பங்களில் ஆசையில்லாதவர்கள் ஜனவரி கடைசியிலேயே போய்விடுங்கள், பனி அதேதான்.