அயல்நாட்டில் ஒடுக்கப்படும் கிறிஸ்தவர்களுக்காக மனு எழுதுகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

எழும்பூரில் இருக்கும் எங்கள் சிறிய அலுவலகத்துக்கு இளம் வழக்கறிஞர்களும் சபை இளைஞர்களும் அடிக்கடி வருவார்கள். அயல்நாட்டில் விசுவாசத்துக்காகச் சிறைப்பட்ட யாருக்காவது எழுதிய மனு வரைவு கையில் இருக்கும். சமீபத்தில் வந்த ஒன்றைப் படித்தேன். எங்கள் காலத்தில் பட்டுத் திருந்திய பிழைகள் அத்தனையும் புது மெருகோடு அதில் வரிசைகட்டி நின்றன. எழுத்துப்பிழை, தேதிப்பிழை போன்றவற்றை யாராவது திருத்திவிடுவார்கள். மற்றவற்றைச் சொல்கிறேன்.

தவறான கதவு

பாகிஸ்தானின் லாகூரில் நடக்கும் வழக்குக்காக ஜெமினி மேம்பாலத்தை ஒட்டிய அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் மனுவைக் கொடுத்துவிட்டு, வாசலில் படமும் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். படம் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பாகிஸ்தான் விவகாரத்தைக் கவனிப்பவர்கள் இஸ்லாமாபாத்திலுள்ள அமெரிக்கத் தூதரகத்திலும் வாஷிங்டனிலும் இருக்கிறார்கள்.

பரிந்துரையை முடிவு என்று நம்புவது

அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டு சர்வதேச மதச் சுதந்திரச் சட்டம் இரண்டு அமைப்புகளை உருவாக்கியது. ஒன்று வெளியுறவுத் துறைக்குள் இயங்கும் அலுவலகம். மற்றது தனித்து இயங்கும் ஆணையம். ஆணையம் பரிந்துரைக்கும், மதச் சுதந்திரத்தைக் கடுமையாக மீறும் நாட்டை ‘தனிக்கவனத்துக்குரிய நாடு’ என்று அறிவிக்கும் அதிகாரம் அரசிடம்தான் இருக்கிறது. நைஜீரியா 2020இல் அந்தப் பட்டியலில் ஏறி, 2021இல் இறங்கி, 2025இல் மறுபடியும் ஏறியது. ஏறினால் தடை வந்துவிடும் என்றும் இல்லை. சவூதி அரேபியா 2004 முதல் பட்டியலில் இருக்கிறது. நடவடிக்கையிலிருந்து விலக்கும் கூடவே தொடர்கிறது. ஆகவே ‘பட்டியலில் சேருங்கள்’ என்று மட்டும் கேட்காதீர்கள். விலக்கைப் பற்றியும் கேளுங்கள்.

பெயரைப் போட்டு உடைப்பது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்கு எரிச்சல் அடங்காத தவறு இது. ஓர் ஆசிய நாட்டில் புதிதாகக் கிறிஸ்தவரான ஒரு பெண் கைதானார். அங்குள்ள வழக்கறிஞர் சத்தமில்லாமல் ஜாமீனுக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். இதற்குள் அந்தப் பெண்ணின் விவரம் சென்னையில் ஒரு சபைக்குக் கிடைத்து, வாட்ஸ்அப்பில் ஜெபக்குறிப்பாகக் கிளம்பிவிட்டது. முழுப் பெயர், ஊர், தம்பி வேலை பார்க்கும் கடை, வீட்டுக் கதவின் எண் தெளிவாகத் தெரியும் புகைப்படம், எல்லாம் அதில் இருந்தன. அனுப்பியவர்களின் நல்லெண்ணத்தில் குறையே இல்லை. ஜாமீன் விசாரணையன்று அரசுத் தரப்பு அதே படத்தின் அச்சுப்பிரதியை நீட்டியது, ‘வெளிநாட்டுத் தொடர்புக்கு’ ஆதாரமாக. ஜாமீன் கிடைக்கவில்லை. தம்பியின் வேலையும் போயிற்று. தொலைபேசியில் அந்த வழக்கறிஞர் என்னிடம் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

ஐ.நா.வில் மதச் சுதந்திரத்துக்கான சிறப்பு அறிக்கையாளருக்கு மனு அனுப்பும்போதும் இதே கூத்துதான். முறையீடு செய்பவரின் அடையாளத்தை அவர்கள் சம்பந்தப்பட்ட அரசிடம் சொல்வதில்லை. பாதிக்கப்பட்டவரின் பெயரோ அரசுக்குப் போகும் கடிதத்தில் இருக்கும். அந்தக் கடிதம் பொதுவாக 60 நாள் கழித்துப் பொதுவெளிக்கும் வரும். மறைக்க வேண்டுமென்றால் முன்கூட்டியே கேட்க வேண்டும். பாதிக்கப்பட்டவரின் சம்மதம் உண்டா என்று படிவத்திலேயே கேட்டிருக்கிறார்கள். நம் பிள்ளைகள் தங்கள் பெயரைப் பத்திரமாக மறைத்துக்கொள்கிறார்கள். சிறையில் இருப்பவரின் சம்மதத்தை, கேட்காமலேயே, ‘ஆம்’ என்று குறித்துவிடுகிறார்கள்.

பெயரைச் சொல்வதே தவறு என்று நான் சொல்லவில்லை. பாகிஸ்தானில் ஷகுஃப்தா கௌசர், ஷஃப்கத் இம்மானுவேல் என்ற கிறிஸ்தவத் தம்பதிக்கு மதநிந்தனை வழக்கில் 2014இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2021 ஏப்ரலில் ஐரோப்பிய நாடாளுமன்றம் அவர்கள் பெயரைச் சொல்லியே தீர்மானம் போட்டது. பாகிஸ்தானுக்குத் தரும் வர்த்தகச் சலுகையை மறுபரிசீலனை செய்யவும் கேட்டது. ஜூனில் லாகூர் உயர் நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. தீர்மானத்தால்தான் விடுதலை என்று நிரூபிக்க முடியாது. ஆனால் அங்கே பெயர் ஏற்கெனவே தீர்ப்பில் இருந்தது, மேல்முறையீடு நிலுவையில் இருந்தது, பிடித்து அழுத்த ஒரு சலுகை கைவசம் இருந்தது. இந்த மூன்றும் இருக்கின்றனவா என்று உள்ளூர் வழக்கறிஞரைக் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்.

கடத்தலையும் அரசின் ஒடுக்குமுறையையும் குழப்புவது

தமிழ்நாட்டைச் சேர்ந்த அலெக்சிஸ் பிரேம்குமார் அடிகளார் 2014இல் ஆப்கானிஸ்தானின் ஹெராத் பகுதியில் கடத்தப்பட்டு, 2015 பிப்ரவரியில் மீண்டார். ஏமனில் 2016இல் கடத்தப்பட்ட டாம் உழுன்னாலில் அடிகளார் மறு ஆண்டு மீண்டபோது இடையில் நின்று உதவியது ஓமன். ஆயுதக் குழுவிடம் சிக்கியவருக்குப் பேரம் பேசத் தெரிந்த அண்டை நாடு வேண்டும். ‘அரசே, சட்டத்தைத் திருத்து’ என்ற மனு அங்கே எடுபடாது.

கிறிஸ்தவர்களுக்கு மட்டும் கேட்பது

பாகிஸ்தானில் அதே மதநிந்தனைச் சட்டத்தில் அகமதியர் என்ற சிறுபான்மைப் பிரிவினரும் இந்துக்களும் சிக்குகிறார்கள். அவர்களையும் மனுவில் சேருங்கள்.

‘வன்மையாகக் கண்டிக்கிறோம்’

வெட்டுங்கள்.

விடுதலையோடு கோப்பை மூடுவது

மதநிந்தனை வழக்கில் மரண தண்டனை பெற்றிருந்த கிறிஸ்தவப் பெண் ஆசியா பீபியைப் பாகிஸ்தான் உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 31 அன்று விடுதலை செய்தது. அவர் கனடா போய்ச் சேர்ந்தது 2019 மே மாதத்தில். இடைப்பட்ட மாதங்களில் தெருவெல்லாம் அவரைத் தூக்கிலிடச் சொல்லிக் கோஷம். அவரோ தலைமறைவு வாழ்க்கையில். பேச்சு நடக்கிறது என்பதற்கு மேல் கனடா விவரம் எதுவும் சொல்லவில்லை. நீதிமன்றம் விட்டாலும் ஊர் விடாது என்பதால் விசா, பயண ஆவணம், குடும்பத்துக்கான இடம் ஆகியவற்றை முதல் மனுவிலேயே கேட்டு வையுங்கள். சென்னைக்கு அழைத்து வந்துவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை என்பதைப் பார்த்துவிட்டுக் கேளுங்கள்.