பல்லின் சொரசொரப்பை அளப்பது எப்படி? (தாடையெலும்பில் திருகும் செயற்கைப் பல்வேரான இம்பிளான்டுக்கும் சேர்த்து)

நாக்கால் தடவினால் வழுவழு என்றிருக்கும் பல்லிலும் மேடுபள்ளம் உண்டு. மைக்ரோமீற்றர் கணக்கில் இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. நடுக்கோட்டிலிருந்து அந்த மேடுபள்ளங்கள் சராசரியாக எவ்வளவு விலகுகின்றன என்பதுதான் ஆர்.ஏ. (Ra) என்னும் சொரசொரப்பு அளவு. தொடங்குவதற்கு, ஊசியைப் பரப்பின் மேல் ஓட்டி மேடுபள்ளத்தைக் கோடாகப் பதியும் கையடக்க ஊசிமுனைக் கருவி ஒன்று போதும். உலோகம் கடையும் வேலைத்தளங்களில் பாவிக்கும் அதே வகைதான்.

படி 1: பல்லைக் காயவிடாதீர்கள்
பிடுங்கிய பல்லை உரியவரின் சம்மதத்தோடு வாங்கி, தொற்றுநீக்கி, 0.1% தைமோல் கரைசலில் வையுங்கள். திருகோணமலையில் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் இதில் இரட்டிப்புக் கவனம் வேண்டும். மேசையில் மறந்து வைத்த பல் காய்ந்து எனாமலில் மயிரிழை வெடிப்பு விட்டால், பிறகு நீங்கள் அளப்பது வெடிப்பைத்தான். அளக்கும் நேரத்தில் மட்டும் டிசுவால் ஒற்றி எடுங்கள்.

படி 2: பதித்தல்
செல்ப் கியூர் அக்ரிலிக்கில் (தானே இறுகும் பிளாஸ்டிக்) பல்லைப் பதித்து, அளக்கும் முகம் மேசைக்குச் சமாந்தரமாக நிற்கும்படி வையுங்கள்.

படி 3: கருவியைச் சரிபார்த்தல்
கூடவே வரும் மாதிரித் தகட்டை அளந்து, அதில் எழுதியுள்ள பெறுமானம் வருகிறதா என்று பாருங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். சீனக்குடா வீதியோரம் இருப்பவர்கள் லொறி போய் முடியும்வரை பொறுங்கள். அந்த அதிர்வும் கோட்டில் விழும்.

படி 4: கட்-ஓஃப்
புதியவர்கள் சறுக்கும் இடம் இது. பல்லின் பெரிய வளைவைக் கழித்து நுண்ணிய மேடுபள்ளத்தை மட்டும் கணக்கில் எடுக்கக் கருவியில் வைக்கும் நீள எல்லைதான் கட்-ஓஃப். பல கருவிகள் 0.8 மி.மீ. கட்-ஓஃபில் தொடங்கும். அதன் ஐந்து மடங்கான 4 மி.மீ. ஓட வேண்டும், வளைந்த பல்லில் அவ்வளவு மட்டமான இடம் எங்கே? 0.25 வைத்தால் 1.25 மி.மீ. போதும், மினுக்கிய எனாமலுக்கும் அதுவே பொருந்தும். கட்-ஓஃப் மாறினால் விடையும் மாறும். ஆகவே ஒப்பிடும் எல்லாப் பற்களுக்கும் ஒன்றையே வையுங்கள்.

படி 5: ஓட்டுதல்
எனாமலில் இயற்கையான வரிகள் பல்லைச் சுற்றிக் குறுக்காக ஓடும். ஊசி அவற்றை வெட்டிப் போகட்டும், அதாவது முரசுப் பக்கமிருந்து கடிக்கும் விளிம்பை நோக்கி. மூன்று இடத்தில் எடுத்துச் சராசரி பாருங்கள். எனாமலுக்கு அடியிலுள்ள டென்டின் அதைவிட மென்மையானது. ஊசியே அதில் கீறிவிடலாம், ஒரே கோட்டில் திரும்ப ஓட்டாதீர்கள்.

படி 6: இம்பிளான்ட்
திருகுப் புரிக்குள் ஊசி ஒழுங்காக இறங்காது. என் பார்வையில் முயல்வதே வீண். ஒளியால் அளக்கும் கொன்போகல் அல்லது இன்டர்பெரோமீற்றர் வேண்டும். பல்மருத்துவ பீடம் உள்ள பேராதனைப் பக்கம் விசாரித்துப் பாருங்கள். புரியின் உச்சி, அடி, சரிவு ஒவ்வொன்றிலும் மூன்று இடம் அளப்பது வழக்கம். விரல் படக்கூடாது, எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிவிடும். இங்கே கிடைப்பது எஸ்.ஏ. (Sa); கோட்டுக்குப் பதிலாகப் பரப்பை வைத்து வரும் கணக்கு. ஆர்.ஏ.யோடு நேரே ஒப்பிட முடியாது.

படி 7: எண்ணைப் படித்தல்
வாய்க்குள் தெரியும் பரப்புக்கு 0.2 மைக்ரோமீற்றர் ஆர்.ஏ. என்ற எல்லை 1997 முதல் புழக்கத்தில் உள்ளது. அதைத் தாண்டினால் பற்படலம் (பல்லில் ஒட்டும் கிருமிப் படை) கூடுதலாகப் படியும். இம்பிளான்டின் எலும்புக்குள் போகும் பகுதிக்கோ 1 முதல் 2 மைக்ரோமீற்றர் வரையான எஸ்.ஏ. விரும்பப்படுகிறது, எலும்பு பற்றிப் பிடிக்க வேண்டுமல்லவா? முரசோடு சேரும் கழுத்துப் பகுதிக்குத் திரும்பவும் வழுவழுப்பே வேண்டும்.

விடையோடு ஊசிமுனையின் ஆரை, கட்-ஓஃப், ஓட்டிய நீளம், திசை, இடம் ஐந்தையும் அதே தாளில் எழுதிவிடுங்கள். வெறுமனே ‘0.18’ என்று எழுதியிருந்தால் அடுத்தவர் அதை எதனோடு ஒப்பிடுவார்?