பழைய கூண்டில் புது ஃபிஞ்ச்: சண்டை இல்லாமல் சேர்ப்பது எப்படி?

செங்கோட்டை, புளியரைப் பக்கம் ஃபிஞ்ச் (கூண்டில் வளர்க்கும், தானியம் தின்னும் சிறு பறவை) வளர்க்கத் தொடங்கியவர்கள் அடிக்கடி கேட்பது இதுதான்: "அண்ணாச்சி, புதுசா ஒரு ஜோடி விட்டேன், பழசெல்லாம் சேர்ந்து விரட்டுதே?" தான் உட்காரும் குச்சியும் தான் கட்டிய கூடும் பறிபோய்விடுமோ என்றுதான் பழசு விரட்டுகிறது. அதனால் ஒன்றாக விடும்முன் கூண்டின் உள்ளமைப்பை மாற்ற வேண்டும். அதற்கும் முன்னால் செய்ய வேண்டியவை உண்டு.

1. தனியாக வையுங்கள்

புனலூரில் வாங்கினாலும் தென்காசியில் வாங்கினாலும் 30 நாள் வேறு அறையில் இருக்கட்டும்; நோய் இருந்தால் பழையவற்றுக்குத் தொற்றக் கூடாது. அதே அறையின் இன்னொரு மூலை கணக்கில் சேராது. தீவனம் வைக்கும்போது பழையவற்றுக்கு வைத்து முடித்துவிட்டுப் புதியவற்றிடம் போங்கள்.

இரவில் விளக்கணைத்தபின் கூண்டருகே காது கொடுத்துக் கேளுங்கள். மூச்சோடு 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால், வால் மேலும் கீழும் ஆடினால், மூச்சுப்பையில் உண்ணி இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பத்து, பன்னிரண்டு கிராம் உயிருக்கு மருந்தைக் குத்துமதிப்பாகக் கொடுக்கக் கூடாது.

சாரல் காலத்தில் ஆரியங்காவு வழியாக வரும் ஈரக்காற்றில் தினை சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். அந்த மாதங்களில் புதுப் பறவை வாங்காதீர்கள் என்பதே என் கட்சி.

வலைபோட்டுப் பிடித்த சில்லையை (ஃபிஞ்ச் போன்ற நம்மூர்க் காட்டுப் பறவை) வாங்கிச் சேர்க்கவே வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

2. பக்கத்தில் வையுங்கள்

ஒரு வாரம் இரு கூண்டும் அருகருகே இருந்தால் போதும்.

3. சேருங்கள்

காலையில் செய்யுங்கள்; மாலையில் விட்டால் இருட்டில் மிரண்டு கம்பியில் மோதும். பழையவற்றை வெளியே எடுத்துவிட்டு, கூடு கட்ட வைத்த பானை, தேங்காய் நார் எல்லாவற்றையும் அகற்றுங்கள். குச்சிகளை இடம் மாற்றுங்கள். தீவனமும் தண்ணீரும் இரண்டிரண்டு இடத்தில் இருக்கட்டும். முதலில் புதியவற்றை விட்டு, அரைமணி கழித்துப் பழையவற்றை விடுங்கள். பானையில் முட்டையோ குஞ்சோ இருந்தால் இப்போதைக்கு வேண்டாம். குஞ்சுகள் தானாகத் தின்னும் வரை பொறுங்கள்.

ஜீப்ரா ஃபிஞ்ச் என்ற வகை என்றால் ஜோடிக் கணக்கு முக்கியம். சேவலுக்குக் கன்னத்தில் ஆரஞ்சுத் திட்டு இருக்கும். வெள்ளை ரகத்தில் அது தெரியாது, அலகைப் பாருங்கள்: சேவலுக்கு நல்ல சிவப்பு, பெட்டைக்கு வெளிர் ஆரஞ்சு. மூன்றாக மட்டும் வைக்காதீர்கள், ஒன்று அடிவாங்கும்.

4. கவனியுங்கள்

கொஞ்சம் துரத்தல் சகஜம். ஆனால் ஒன்று முதுகு இறகு பிடுங்கப்பட்டு, உடம்பை உப்பிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்தால் தலையிடுங்கள். எல்லோரும் அடிபட்டதைத்தான் வெளியே எடுப்பார்கள். அடிக்கும் ரவுடியை எடுத்து நாலு நாள் தனியே வையுங்கள். திரும்பி வரும்போது அதுதான் புது ஆள்.

அமைதி வந்து ஒரு வாரம் ஆனபின் பானைகளைக் கட்டலாம். ஜோடிகளைவிட ஒன்றிரண்டு அதிகமாக, எல்லாம் ஒரே உயரத்தில். உயரத்தில் ஒரு பானை மட்டும் இருந்தால் மறுபடி அடிதடி.