கொழும்பின் ஈரக்காற்றில் உப்பின் கரைதிறனை அளவிடுதல்

கரைதிறன் என்பது, குறித்த ஒரு வெப்பநிலையில் 100 கிராம் நீரில் கரையக்கூடிய உப்பின் உச்ச அளவாகும். நிறுத்த உப்பைச் சிறிது சிறிதாக நீரில் இட்டு, அது கரையாது நிற்கும் கட்டத்தைக் கண்ணால் பார்த்து முடிவுசெய்யும் முறையே எளிதானதாகத் தோன்றும். ஆயினும் சாரீரப்பதன், அதாவது அந்த வெப்பநிலையில் காற்று கொள்ளக்கூடிய உச்ச நீராவியில் உண்மையில் இருக்கும் பங்கு, 75 சதவீதத்தைத் தாண்டும்போது தூய கறியுப்பே காற்றிலுள்ள நீராவியை உறிஞ்சிக் கசியத் தொடங்கும்; மகனீசியம் குளோரைட்டு கலந்த உப்போ அதற்கும் முன்னரே நனைந்துவிடும். கொழும்பில் அத்தகைய காற்று அன்றாடம் வீசுவதால், தராசு காட்டும் நிறையில் ஈரமும் சேர்ந்துகொள்ளும். எனவே நிரம்பிய கரைசலை ஆவியாக்கி, எஞ்சும் உப்பை நிறுப்பதே இங்கு நம்பத்தக்க வழி. அதில் தொடக்க உப்பு ஈரமாயிருந்தாலும் முடிவு மாறாது.

பற்றரிக்கென விற்கப்படும் காய்ச்சிவடித்த நீரில் 50 மில்லிலீற்றர் எடுத்து, அடியில் உப்பு கரையாமல் தங்கும்வரை இட்டுக் கலக்குங்கள். மூடிவைத்து, இடையிடையே கலக்கியபடி சில மணிநேரம் விட்டு, வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தெளிந்த கரைசலை, ஏற்கெனவே நிறுத்து வைத்த கிண்ணத்தினுள் உலர்ந்த வடிதாளினூடாக வடித்து, உடனே நிறுங்கள்.

கரைசலை மெல்லிய சூட்டில் ஆவியாக்க வேண்டும். நீர் வற்றும் தறுவாயில் பளிங்குகள் படபடவென வெடித்துச் சிதறுமாதலால், கிண்ணத்தைக் கண்ணாடித் தட்டால் ஓரளவு மூடிச் சூட்டைக் குறையுங்கள். உலர்ந்ததும், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்காசெல் மணிகள் இட்ட காற்றுப்புகாப் பாத்திரத்தில் ஆறவிட்டு, வெளியே எடுத்த கையோடு நிறுங்கள். திறந்த மேசையில் ஆறவிட்டால் இவ்வளவு கவனமும் வீண். இரண்டு நிறைகள் ஒத்துவரும்வரை சூடாக்கி, ஆற்றி, மீண்டும் நிறுக்க வேண்டும்.

கரைசல் 27.2 கிராமும் எச்சம் 7.2 கிராமும் எனில், நீர் 20 கிராம். 100 கிராம் நீருக்குக் கணக்கிட்டால் (7.2 ÷ 20 × 100) கரைதிறன் 36 கிராம். 0.1 கிராம் நுட்பமுள்ள தராசினால் அரைக் கிராமுக்கு மேல் பிழை நேரலாம் என்பதால், அதற்கு மேலும் தசமதானங்களை எழுதுவது வெறும் அலங்காரமே.

கறியுப்பின் கரைதிறன் வெப்பநிலையோடு அதிகம் மாறுவதில்லை. 100 பாகை செல்சியசிலும் ஏறத்தாழ 39 கிராம்தான். பொற்றாசியம் நைத்திரேற்றோ 20 பாகையில் ஏறத்தாழ 32 கிராமும் 30 பாகையில் ஏறத்தாழ 46 கிராமும் கரையும். ஆகவே இத்தகைய உப்புகளுக்கு, 20 பாகைக்குரிய கரைதிறன் அட்டவணையை அதைவிட வெப்பமான கொழும்பு அறையொன்றின் அளவீட்டோடு அப்படியே ஒப்பிடுவது பொருந்தாது.

படிகாரம், மயில்துத்தம் (நீல நிறச் செப்புச் சல்பேற்று) போன்றவற்றுக்கு இம்முறையை அப்படியே கையாள முடியாது. அவற்றின் பளிங்குகளுக்குள்ளேயே நீர் இருப்பதால், சூடாக்கும்போது அதுவும் வெளியேறி எச்சத்தின் நிறை குறையும். அட்டவணையின் எண் நீரற்ற உப்புக்குரியதா, நீரேறிய பளிங்குக்குரியதா என்று பார்த்த பின்னரே அவற்றின் கணக்கைத் தொடங்குங்கள்.